பெருவிரல்காரியின் வாரண்டி

என் தங்கை தோற்றுவிடுவாள் என்று எல்லாரும் சொன்ன இடங்களில் ஜெயித்தவை இவை. எல்லாரும் ஒரே அறையில் படுத்த காலத்தில் ஜன்னலோர இடம். அப்பா கூடவே கூடாது என்ற சைக்கிள். பக்கத்து வீட்டு வாத்து. அது எப்படி அவள் வீட்டுக்குக் குடிவந்தது என்பது இன்றுவரை வாத்துக்கும் அவளுக்கும் மட்டுமே தெரியும். டிரைவிங் லைசென்ஸ், அதுவும் சோதனை வைத்த அதிகாரி "ரிவர்ஸ் எந்தப் பக்கம்னு தெரியுமாம்மா?" என்று சிரித்த பிறகு. கண்ணாடிக் கோடவுனின் நிரந்தர லோடு, வாசலில் காத்துக் கிடந்த அத்தனை மீசைக்கார டிரைவர்களுக்கும் நடுவில். ஒரு வெல்டர், கணவராக. கடைசியாக, ஒரு பெரிய கம்பெனி அச்சடித்த வாரண்டிப் பத்திரத்தில் அவள் வாயால் சொல்லி எழுத வைத்த ஒரு வரி.

அந்தக் கடைசி வெற்றியை மட்டும் இங்கே எழுதுகிறேன். வாத்து விஷயத்தில் பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் பேச்சுவார்த்தையை முடித்துக்கொள்ளவில்லை.

அவளை ஊரில் கண்ணாடிக்காரி என்பார்கள். வீட்டில் பாப்பா. தலையில் நரை எட்டிப் பார்த்துவிட்டது, இருந்தாலும் பாப்பாதான். அவளுடைய வேலை, கோடவுனிலிருந்து கண்ணாடித் தகடுகளைப் பிக்கப் வண்டியில் ஏற்றி, கடைகளுக்கும் கட்டடங்களுக்கும் உடையாமல் கொண்டுபோய் இறக்குவது. கண்ணாடியைப் படுக்க வைக்கக் கூடாது. படுத்தால் தன் எடையாலேயே அது உடைந்துபோகும். நேராக நிறுத்தினால் சாய்ந்துவிடும். அதற்காக வண்டியின் பின் தொட்டியில், கூரை மாதிரி இரண்டு பக்கமும் சரிந்த ஓர் இரும்பு ஸ்டாண்டு உண்டு. அதில் ரப்பர் பட்டை ஒட்டி, இருபுறமும் தகடுகளைச் சாய்த்து, பெல்ட் போட்டு இறுக்குவாள். வேகத்தடை வந்தால் வண்டியைக் கோணலாக ஏற்றி, ஒவ்வொரு சக்கரமாக இறக்குவாள். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். அவள் கையை வெளியே நீட்டி, குழந்தையைத் தட்டித் தூங்க வைப்பது போல ஆட்டுவாள்.

அந்த ஸ்டாண்டைச் செய்தவர் மாப்பிள்ளை. வெல்டர் என்பதால் எதையும் எதோடும் ஒட்டவைத்துவிட்டுத்தான் ஓய்வார். எங்கள் வீட்டு கேட்டில் நாலு கீல் இருக்கும். கேட்டால், "ரெண்டு போதும், மிச்ச ரெண்டு மனத்திருப்திக்கு" என்பார்.

தங்கை பள்ளிக்கூடம் போனது கொஞ்ச காலம்தான். இரண்டாம் வகுப்பில் காய்ச்சல் வந்து வீட்டில் படுத்தவள், குணமான செய்தியைப் பள்ளிக்கூடத்துக்குத் தெரிவிக்கவே இல்லை. அதனால் வாசிக்க வராது. எண்கள் தெரியும், சாலைப் பலகைகள் தெரியும், கடைப் பெயர்களைப் படமாகத் தெரியும். கையெழுத்து கேட்கிற இடத்தில் பெருவிரல்.

பேரை மட்டும் எழுதக் கற்றுக்கொள் என்று எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தார்கள். நானும் சொன்னேன்.

"எதுக்குண்ணே?" என்றாள். "கையெழுத்துப் போட்டா நான் படிச்சாச்சுன்னு அர்த்தம். பெருவிரல் வெச்சா அவங்க எனக்குப் படிச்சுக் காட்டணும். எது லாபம்?"

உண்மைதான். பெருவிரல் வைக்கிறவர்களுக்கு முழுப் பத்திரத்தையும் படித்துக் காட்டி, விளங்கியதா என்று கேட்டு, படித்துக் காட்டியதற்கு ஒரு சாட்சியும் வாங்க வேண்டும். கையெழுத்துப் போடுகிற நாம் ஒரு வரிகூடப் படிக்காமல் காட்டிய இடத்தில் கிறுக்கிவிட்டு வருகிறோம். அவள் வாழ்க்கையில் கேட்காமல் ஒப்புக்கொண்ட பத்திரம் ஒன்றுகூடக் கிடையாது. பெரும்பாலும் அந்தச் சாட்சி நான்தான். தையல்கடையைச் சாத்திவிட்டு, கழுத்தில் அளவு டேப்போடு எத்தனை ஆபீஸ் நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறேன் என்பது எனக்கே மறந்துவிட்டது.

அவளுடைய வலது பெருவிரலில் குறுக்கே ஒரு தழும்பு உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் கண்ணாடி கிழித்தது. மையில் வைத்து எடுத்தால் அந்தக் கோடு வெள்ளையாக விழும். "கள்ளக் கையெழுத்து போடலாம், என் விரலை எவன் போடுவான்?" என்று அதிலும் ஒரு பெருமை.

இனி வாரண்டிக்கு வருகிறேன்.

அவளிடம் முன்பு இருந்த பிக்கப், ஒருநாள் பாலத்தின் நட்டநடுவில் கியர் பாக்ஸ் உடைந்து நின்றது. வண்டியில் இருந்தவை முடிவெட்டும் கடை ஒன்றுக்கான ஆளுயர முகக்கண்ணாடிகள். போக்குவரத்து இரண்டு பக்கமும் நின்றுவிட்டது. பின்னால் மாட்டிக்கொண்ட ஸ்கூட்டர்காரர்கள் முதலில் திட்டினார்கள். பிறகு கண்ணாடியில் தங்களைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டார்கள். ஒருவர் பல்லைக்கூடப் பரிசோதித்தாராம். இதையெல்லாம் அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள். ஆனால் அன்று கோடவுன்காரர் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை வண்டி நின்னுச்சுன்னா லோடு மீசைக்குப் போயிடும். சொல்லிட்டேன்" என்றார். மீசை என்பது வாசலில் காத்திருக்கும் டிரைவர்களில் முதல் ஆள். அன்றிலிருந்து அவளைப் பார்க்கும்போதெல்லாம், "வண்டி எப்படி ஓடுது அக்கா?" என்று ரொம்ப அக்கறையாக விசாரிப்பார்.

அந்தப் பழைய வண்டிக்கு வாரண்டியை நீட்டிக்கிறீர்களா என்று கம்பெனியில் கேட்டபோது வேண்டாம் என்று சொல்ல வைத்தவர் மாப்பிள்ளை. அதற்குப் பிறகு வாங்கிய புது வண்டிக்கு இப்போது அதே கேள்வி வந்து நின்றது. கம்பெனி கொடுத்த வாரண்டி அந்தச் செவ்வாய்க்கிழமையோடு முடிகிறது. அதற்குள் நீட்டித்தால் உண்டு. இல்லையென்றால் கியர் பாக்ஸ் அவள் பாடு, கோடவுன் மீசை பாடு.

ஷோரூமிலிருந்து டை கட்டிய ஒரு தம்பி தினமும் போன் செய்தார்.

"மேடம், இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு."

"எனக்கா, வண்டிக்கா?"

"ஐயோ, வாரண்டிக்கு மேடம்."

"அப்பாடா" என்று போனை வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை சோற்றைப் பிசைந்துகொண்டே ஆரம்பித்தார். "யோசிக்கறதுக்கு என்ன இருக்கு? இன்ஜின் அவங்க பொறுப்பு, கியர் பாக்ஸ் அவங்க பொறுப்பு. நிம்மதியாத் தூங்கலாம்."

"ஏங்க, போன வண்டிக்கு ஒருத்தர் சொன்னாரே. கம்பெனிக்கே நம்பிக்கை இல்லாத வண்டிக்குத்தான் வாரண்டிய நீட்டுவாங்கன்னு. அந்த அறிவாளி எங்கே?"

"அவர் திருந்திட்டாரு."

"எப்போ?"

"பாலத்துல" என்றார் மாப்பிள்ளை.

அதற்கு மேல் அவள் கிண்டல் செய்யவில்லை. தட்டில் இருந்ததை ஓரமாக ஒதுக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். "அண்ணே, நாளைக்குக் கடையச் சாத்துங்க. போய் காது கொடுத்துக் கேட்டுட்டு வருவோம்."

திங்கட்கிழமை மூன்று பேரும் போனோம். ஷோரூம் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே நுழையும்போதே அவள் அதைத் தட்டிப் பார்த்து, "யார் ஏத்தினதோ, ஓரத்துல சில்லு பேர்ந்திருக்கு" என்றாள். டைக்காரத் தம்பி எழுந்து நின்று வரவேற்றார். மேசையில் பத்திரம் தயாராக இருந்தது. கையெழுத்து போட வேண்டிய இடங்களில் பென்சிலால் சிறு பெருக்கல் குறிகள்.

"இங்க ஒண்ணு மேடம், இங்க ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. ரெண்டு நிமிஷ வேலை."

தங்கை பெருவிரலை உயர்த்திக் காட்டினாள்.

வாழ்த்துச் சொல்கிறாள் என்று நினைத்துத் தம்பியும் பதிலுக்குத் தன் பெருவிரலை உயர்த்தினார்.

"மை டப்பா இருக்கா தம்பி?" என்றாள்.

மை டப்பா தேடியதே ஒரு கதை. கடைசியில் உதிரி பாகக் கவுண்டரில், ரசீதுக்கு முத்திரை குத்துகிற டப்பா கிடைத்தது. அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். கண்ணாடி அணிந்த, வயதான அம்மா. விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தம்பியிடம், "கைநாட்டுன்னா முழுசாப் படிச்சுக் காட்டணும்ப்பா. ஒரு வரி விடக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். தம்பி பத்திரத்தின் கனத்தைக் கையில் தூக்கிப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்தபோது, அவரே அதை இதற்கு முன் முழுசாகப் படித்ததில்லை என்று எனக்குத் தோன்றியது.

முதல் பக்கத்தைக் கடகடவென்று ஓட்டினார்.

"தம்பி, நான் கண்ணாடி ஏத்துறவ. மெதுவாப் போங்க" என்றாள்.

தம்பி வேகத்தைக் குறைத்தார். குறைத்ததும் ஒன்று தெரிந்தது: அவருக்கு நல்ல குரல். செய்தி வாசிப்பவர் மாதிரி நிறுத்தி, ஏற்றி இறக்கி வாசித்தார். சர்வீசுக்கு வண்டியை விட்டுவிட்டுக் காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக நாற்காலியை நகர்த்தி அருகில் வந்தார்கள். எதற்கெல்லாம் வாரண்டி உண்டு என்ற பகுதி சீக்கிரம் முடிந்துவிட்டது. இன்ஜின், கியர் பாக்ஸ், இன்னும் சில. கியர் பாக்ஸ் என்ற சொல்லை இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். எதற்கெல்லாம் கிடையாது என்ற பகுதிதான் நீண்டுகொண்டே போனது.

"டயர், பேட்டரி, பல்பு, வைப்பர், கிளட்ச் பிளேட், பிரேக் ஷூ, ரப்பர் பாகங்கள், வண்ணப்பூச்சு, துரு..."

"சரி."

"வாகனத்தின் கண்ணாடிகள்."

"அது என்கிட்டயே இருக்கு. மேல போங்க."

"போர், கலவரம், நிலநடுக்கம், வெள்ளம் ஆகியவற்றால் ஏற்படும் சேதம்..."

"நிலநடுக்கத்துல கியர் பாக்ஸ நினைச்சுக்கிட்டா இருப்பேன்? சரி."

"எலி முதலான பிராணிகள் வயர்களைக் கடிப்பதால் ஏற்படும் பழுது..."

"எலிக்குக் கிடையாதா?"

"எலிக்குக் கிடையாது மேடம்."

"இது எங்க தெரு எலிக்குத் தெரியாதே."

பின்னால் இருந்த ஒருவர் தன் பையிலிருந்து தன் வாரண்டிப் பத்திரத்தை எடுத்து, எலி இருக்கும் பக்கத்தைத் தேட ஆரம்பித்தார். டைக்காரத் தம்பிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். "வாகனத்தின் உடற்பகுதியில் வெட்டுதல், துளையிடுதல், வெல்டிங் செய்தல் போன்ற மாற்றங்கள் காணப்பட்டால், இந்த வாரண்டி முழுவதும் செல்லாது."

நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் முன்பக்கக் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தோம். வெயிலில் வண்டி நின்றது. தொட்டியில், கூரை மாதிரி சரிந்த ஸ்டாண்டு. நாலு கால்களிலும் மாப்பிள்ளை தன் மனத்திருப்திக்காகத் தடிமனாகப் போட்ட வெல்டிங்.

தம்பியும் திரும்பிப் பார்த்தார். "அது..." என்றார்.

"அதேதான்" என்றாள் தங்கை.

மாப்பிள்ளை தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவை வேறு யாருடையவோ என்பது போல. இந்த வாரண்டி வேண்டும் என்று எல்லாரையும்விட அதிகம் பேசியவர் அவர். அதைச் செல்லாமல் ஆக்கியதும் அவருடைய கை.

"மீதிய நாளைக்குக் கேக்குறேன் தம்பி. உங்க தொண்டையும் பாவம்" என்று எழுந்தாள். போகும்போது உதிரி பாகக் கவுண்டருக்கு மை டப்பாவை அவளே திருப்பிக் கொடுத்தாள்.

சாயங்காலம் என் கடைக்கு வந்து, தையல் மெஷினுக்கு எதிரே இருந்த துணி மூட்டையில் உட்கார்ந்தாள். வண்டியை மாப்பிள்ளை கழுவிக்கொண்டு வருகிறேன் என்று பட்டறைக்கு எடுத்துப் போயிருந்தார். மெஷினில் ஓடும் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடிவு பண்ணிட்டேன்ணே. ஸ்டாண்டு இருக்கட்டும், வாரண்டி வேண்டாம்."

"கியர் பாக்ஸ்?"

"பார்த்துப் பார்த்து ஓட்டுவேன். ஸ்டாண்டு இல்லாம வாரண்டிய வெச்சு என்ன செய்ய? கண்ணாடிய மடியில வெச்சா ஓட்ட முடியும்?"

சொன்னாளே தவிர, முகம் தெளியவில்லை. "மீசை இன்னைக்கும் கேட்டான், வண்டி எப்படி அக்கா ஓடுதுன்னு" என்றாள். பிறகு என் கத்தரிக்கோலை எடுத்து, வெட்டுத்துணியைச் சன்னமாக நறுக்கிக்கொண்டே இருந்தாள். எங்கள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாதபோதும் அப்படித்தான் செய்தாள்.

மறுநாள் காலை அவளிடமிருந்து போன். "அண்ணே, உடனே வாங்க. வரும்போது சாட்சி சொல்ற மனசோட வாங்க, இங்க ஒரு கொலை நடக்கப் போகுது."

போனேன். வாசலில் வண்டி மொட்டையாக நின்றது. ஸ்டாண்டு முற்றத்தில் காலை விரித்துக்கொண்டு நின்றது. வாத்து அதன் கீழே நிழலுக்கு உட்கார்ந்துவிட்டது. மாப்பிள்ளை திண்டில் உட்கார்ந்து டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார், குடிக்கவில்லை.

"வெல்டரே" என்றாள் தங்கை. கோபம் வந்தால் கணவரை அப்படித்தான் கூப்பிடுவாள். "கழுவிட்டு வரேன்னு எடுத்துட்டுப் போனீங்க. ஸ்டாண்டு அழுக்குன்னு நினைச்சிட்டீங்களா?"

"இல்ல."

"ஸ்டாண்டுதான் முக்கியம், வாரண்டி வேண்டாம்னு நான் நேத்தே முடிவு பண்ணிட்டேன்."

"எங்கிட்ட சொல்லலையே."

"நீங்க கேக்கலையே."

மாப்பிள்ளை டீ டம்ளரைக் கீழே வைத்தார். "பாலத்துல நீ நின்னுட்டிருந்தப்ப நான் பைக்ல வந்து பார்த்தேன். சுத்தி எல்லாரும் தலை சீவிட்டு இருந்தாங்க. நீ மட்டும் கண்ணாடிக்குப் பின்னாடி போய் நின்னுட்டு இருந்த. மூஞ்சி யாருக்கும் தெரியக் கூடாதுன்னு. ஸ்டாண்டு நான் இன்னொண்ணு செஞ்சு தர முடியும். கியர் பாக்ஸ் என்னால செய்ய முடியாது."

நான் வாத்தைப் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

தங்கை ஸ்டாண்டைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். குனிந்து காலைப் பார்த்தாள். வெட்டிப் போட மனம் வராமல், ஒவ்வொரு காலின் அடித்தகடும் சேதமாகாமல், வெல்டிங்கை மட்டும் அவர் கிரைண்டரால் நிதானமாக இழைத்து எடுத்திருந்தார். பிறகு வண்டித் தொட்டியில் ஏறினாள். தொட்டியின் ஓரங்களில் மேற்கூடு மாட்டுவதற்காகக் கம்பெனியே போட்டு அனுப்பிய ஓட்டைகள் உண்டு. அவற்றில் விரலை விட்டுப் பார்த்தாள்.

"ஏங்க" என்றாள். வெல்டர் மறுபடியும் கணவராகிவிட்டார். "இந்த ஓட்டை யாரு போட்டது?"

"கம்பெனி."

"அப்போ நம்ம குத்தம் இல்ல. அங்க நாலு கால் இருக்கு, இங்க ஓட்டை இருக்கு. போல்ட்டுன்னு ஒண்ணு கேள்விப்பட்டிருக்கீங்களா?"

மாப்பிள்ளைக்கு முகம் சுருங்கியது. "வெல்டர் போய் போல்ட் போடுறதா? அது தையல்காரர் சட்டைய ஊக்கு குத்திக் குடுக்குற மாதிரி."

"மாப்பிள்ளை, என்னை எதுக்கு இழுக்கறீங்க?" என்றேன்.

"உவமைக்குச் சொன்னேன் மச்சான்."

ஆனால் எழுந்துவிட்டார். ஓட்டைகள் இருக்கும் இடமும் தகடுகள் நிற்கும் இடமும் சரியாகச் சேரவில்லை. நான் கடையிலிருந்து சட்டை அளவு வெட்டுகிற பழுப்புக் காகிதத்தை எடுத்து வந்தேன். தொட்டியில் விரித்து, ஓட்டைகள் மேல் பென்சிலைத் தேய்த்து அச்செடுத்தேன். மாப்பிள்ளை அதைப் பட்டறைக்குக் கொண்டுபோய், ஸ்டாண்டின் காலுக்கு நீளமான தகடு வைத்து, அதில் மட்டும் துளை போட்டார். வண்டியில் ஒரு கீறல் இல்லை. சேர்த்துப் பார்த்தபோது போல்ட்டுகள் வழுக்கிக்கொண்டு இறங்கின. மாப்பிள்ளை ஸ்டாண்டைப் பிடித்து உலுக்கினார். ஆடவில்லை. ஆடியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்திருக்கும்.

மதியம் ஷோரூமுக்குப் போனபோது, நேற்றுக் கேட்டவர்களில் சிலர் இன்றும் இருந்தார்கள். அவர்களுடைய வண்டி நேற்றே சரியாகிவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. டைக்காரத் தம்பி தொண்டைக்கு மிட்டாய் வைத்துக்கொண்டு தயாராக இருந்தார்.

"படிக்கறதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம் தம்பி. நான் வண்டியில ஒரு பீரோ ஏத்திக் கயிறு கட்டுறேன். அது வண்டியில செஞ்ச மாற்றமா?"

"இல்ல மேடம். அது சரக்கு."

"கயித்துக்குப் பதிலா போல்ட் போட்டா?"

தம்பி எழுந்து போய் மேனேஜர் அம்மாவைக் கூட்டி வந்தார். எல்லாரும் வெளியே வந்தோம். மாப்பிள்ளை ஸ்பானரை எடுத்து எல்லார் முன்னாலும் ஸ்டாண்டைக் கழற்றி இறக்கினார், மறுபடியும் ஏற்றி மாட்டினார். மேனேஜர் அம்மா கையில் இருந்த டீ அதுவரை ஆறவில்லை. சர்வீஸ் மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்து, "சேசிஸ்ல கை வைக்கல. தொட்டித் தரையில பழைய வெல்டிங் தடம் இருக்கு, பெயிண்ட் அடிச்சா போதும்" என்றார். மாப்பிள்ளையைப் பார்த்து, "இழைச்சது நீங்களா? சுத்தமா எடுத்திருக்கீங்க" என்றும் சொன்னார். வெல்டிங்கை எடுத்ததற்குப் பாராட்டு வாங்கிய வெல்டர், அதை எந்தக் கணக்கில் வைப்பது என்று தெரியாமல் தலையை ஆட்டினார்.

மேனேஜர் அம்மா தலைமை ஆபீசுக்குப் போன் போட்டார். அவர்கள் பாட்டுப் போட்டுக் காத்திருக்க வைத்தார்கள். அந்தப் பாட்டு முடிந்து இன்னொரு பாட்டும் ஓடிய பிறகு, கழற்றக் கூடியது சரக்குதான் என்று பதில் வந்தது.

"அப்போ சரி மேடம்" என்றார் மேனேஜர் அம்மா.

தங்கை தலையசைத்துவிட்டு நாற்காலியில் உட்காரப் போனாள். டைக்காரத் தம்பிதான் நிறுத்தினார். அந்தப் பிள்ளையை நான் இன்றும் நல்லவிதமாக நினைத்துக்கொள்வது அதற்காகத்தான்.

"வாய்ப்பேச்சா இருந்தா நாளைக்கு நிக்காது மேடம். நானே வேற கிளைக்குப் போயிட்டா இதை யாரு சொல்றது? எழுத்துல போட்டுக்கலாம். நீங்க சொல்லுங்க, நான் ஓரத்துல எழுதறேன்."

மேனேஜர் அம்மாவும் ஒப்புக்கொண்டார். தங்கை ஒரு நிமிஷம் கண்ணை மூடி யோசித்தாள். பிறகு அவசரமில்லாமல், தகட்டை இறக்குகிற மாதிரி சொன்னாள்: "தொட்டியில் போல்ட் போட்டு நிறுத்தும் கண்ணாடி ஸ்டாண்டு சரக்கு. அது வண்டியில் செய்த மாற்றம் இல்லை."

தம்பி எழுதினார். வெல்டிங் பற்றிய அந்த வாசகத்துக்குப் பக்கத்தில், ஓரத்தில், பொடி எழுத்தில். மேனேஜர் அம்மா அதனடியில் கையெழுத்துப் போட்டார். பிறகு மீதிப் பக்கங்கள் எல்லாம் வாசிக்கப்பட்டன. ஒவ்வொரு பக்கத்திலும் தங்கை தழும்புக் கோடு விழ விழப் பெருவிரலை வைத்தாள், நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். எல்லாம் முடிந்து தம்பி அந்தப் பக்கத்துக்குத் திரும்பி வந்தார்.

"இங்க மட்டும் ஒண்ணு பாக்கி மேடம். ஓரத்துல எழுதினா ரெண்டு பேரும் போடணும்." சொல்லிவிட்டு அவரே தயங்கினார். இடம் ரொம்பச் சின்னது. அதில் பெருவிரலை வைத்தால் எழுதிய வரி முழுவதும் மைக்கடியில் போய்விடும். "நான் வேணும்னா இன்னொரு காகிதத்துல எழுதிப் படிச்சுக் காட்டறேன், அதுல வைங்க."

"வேண்டாம் தம்பி. நான் சொன்னதை எனக்கே படிச்சுக் காட்டுவீங்களா?"

விரலைத் துணியில் துடைத்துக்கொண்டு, தம்பி கையிலிருந்து பேனாவை வாங்கினாள்.

எனக்கு மட்டும் ஆச்சரியமில்லை. கோடவுனில் கண்ணாடித் தகடுகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவில் வெள்ளைப் பவுடர் தூவுவார்கள். லோடு ஏறக் காத்திருக்கும்போது அவள் அந்தப் பவுடரில் விரலால் எதையோ எழுதிக்கொண்டிருப்பாள், என்னைக் கண்டால் துணியால் துடைத்துவிடுவாள். ஒருநாள் துடைப்பதற்குள் பார்த்துவிட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றோடு எழுதுவதை நிறுத்தியிருப்பாள்.

பேனாவை ஸ்பானர் மாதிரி இறுக்கிப் பிடித்து, ஓரத்து இடுக்குக்குள், ஒரு எழுத்துகூட வரியைத் தொடாமல் தன் பேரை எழுதினாள்.

மாப்பிள்ளையின் வாய் திறந்தே இருந்தது. "உனக்கு எழுதத் தெரியுமா?"

"பேரு மட்டும்" என்றாள். "மத்ததெல்லாம் எழுதிக் குடுக்கத்தான் ஆள் இருக்காங்களே."

"இவ்வளவு நாளா சொல்லவே இல்ல?"

"நீங்க கேக்கலையே."

அந்த கியர் பாக்ஸ் இன்றுவரை ஒரு முனகல்கூட முனகவில்லை. வாரண்டி வாங்கியதில் வந்த ஒரே நஷ்டம் அதுதான் என்கிறார் மாப்பிள்ளை. மீசை இப்போதெல்லாம் வண்டியை விசாரிப்பதில்லை. தன் வண்டிக்கும் போல்ட் போட்ட ஸ்டாண்டு ஒன்று செய்து தர முடியுமா என்று மாப்பிள்ளையிடம் விசாரிக்கிறார். மற்ற ஆபீஸ்களில் தங்கை இப்போதும் பெருவிரல்தான் வைக்கிறாள். நானும் கடையைச் சாத்திவிட்டுச் சாட்சிக்குப் போகிறேன்.

அன்று டைக்காரத் தம்பி பத்திரத்தை எடுக்கப் போனவர் நின்று, "மேடம், கையெழுத்துக்குக் கீழ தேதி" என்றார். எண்கள் அவளுக்கு எப்போதுமே தெரியும். அதையும் அவளே போட்டாள்: 17.9.2019.